கொலெக்டிவா சோதனைக்குப் பிறகு: கேள்வி பதில்

2023 மே மாதம், ட்விட்டர் போன்ற, ஆனால் பலர் தனித்தனியே சர்வர் நடத்தும் மாஸ்டடான் சமூக வலைத்தளத்தில், கொலெக்டிவா என்ற சர்வரின் நிர்வாகிகளில் ஒருவர் வீட்டை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சோதனையிட்டது. அது பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: அந்தச் சர்வரைப் பிடிக்கத்தான் வந்தார்களா?

இல்லை. அவர் மீதான வழக்கு உள்ளூர்ப் போராட்டம் ஒன்றைப் பற்றியது. சர்வருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீட்டிலிருந்த மின்னணுச் சாதனங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். கெட்ட நேரம், ஒரு கோளாறைச் சரிசெய்வதற்காக அவர் தரவுத்தளத்தின் நகலை மறைகுறியாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி பூட்டுவது) இல்லாமல் வைத்திருந்தார். பதிவுகள், நேரடிச் செய்திகள், மின்னஞ்சல் முகவரிகள், ஹாஷ் வடிவில் (மூலச் சொல் தெரியாதபடி உருமாற்றி) கடவுச்சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. பயனர்களுக்குத் தெரியவந்தது பல வாரங்கள் கழித்துத்தான்.

கேள்வி: எனக்கு அங்கே கணக்கே இல்லை. நான் ஏன் பயப்பட வேண்டும்?

அங்கே உங்களைப் பின்தொடர்பவர் ஒருவர் இருந்தாலே போதும். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை, நீங்கள் எழுதுவதன் நகலை அவருடைய சர்வருக்கும் அனுப்பிவிடும். ‘பின்தொடர்பவர்களுக்கு மட்டும்’ என்று குறித்ததும் போகும். அங்குள்ளவருக்கு எழுதிய நேரடிச் செய்தியும் போகும். தரவு சிதறிக் கிடப்பதால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். சிதறிக் கிடப்பவை துண்டுகள் அல்ல, முழு நகல்கள். பதிவை நீக்கினால், நீக்கச் சொல்லும் கோரிக்கை மற்ற சர்வர்களுக்குப் போகும். காவல் துறையின் அலமாரியில் இருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு அது எப்படிப் போகும்?

கேள்வி: நேரடிச் செய்திகளை நிர்வாகி படிக்க முடியுமா?

தாராளமாக. ரகசியம் பேச, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய சிக்னல் செயலிக்குப் போங்கள். 2016இல் அதை நடத்துபவர்களுக்கு அமெரிக்காவில் சம்மன் வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அவர்களால் எதுவும் தர முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் பெரிய நிறுவனமே மேல் அல்லவா?

ஒரு விதத்தில் ஆமாம், சொல்லக் கசக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு வாரண்ட் வந்தால் பெரும்பாலும் கேட்ட கணக்கின் தரவுதான் போகும், வழக்கறிஞர்களும் இருப்பார்கள். வீட்டில் சர்வர் நடத்துபவரிடம் வந்தால் பெட்டியோடு எல்லோருடையதும் போகும். ஆனால் அந்த நிறுவனங்கள் உங்களைப் பற்றிச் சேர்த்து வைப்பது இதைவிடப் பல மடங்கு.

கேள்வி: சட்டம் காப்பாற்றாதா?

1990இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற விளையாட்டுப் பதிப்பகத்தின் கணினிகளை அமெரிக்க ரகசியச் சேவை எடுத்துப்போனது. அதன் மின்னணு அறிவிப்புப் பலகையில் (பலர் இணைந்து செய்தி பரிமாறிக்கொள்ளும் கணினி) வேறு பலரின் படிக்கப்படாத கடிதங்களும் இருந்தன. நிறுவனம் வழக்கில் வென்றது. இழப்பீடு 50,000 டாலருக்கு மேல். ஆனால் தீர்ப்பு வந்தது மூன்று ஆண்டு கழித்து, 1993இல்.

கேள்வி: சிறிய சர்வர் ஒன்றை நடத்துகிறேன். என்ன செய்யலாம்?

மாஸ்டடான் இயல்பாகவே பயனர்களின் ஐ.பி. முகவரிகளை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) ஓராண்டு வைத்திருக்கும். அந்தக் காலத்தை இன்றே குறையுங்கள். காப்பு நகல்களை மறைகுறியாக்கிச் சேமியுங்கள். பழுது பார்க்க எடுத்த நகலை வேலை முடிந்த அன்றே அழித்துவிடுங்கள்.