ஹிப் ஹாப் இசை உண்மையில் ஜமைக்காவிலிருந்து வந்ததா?

இதை யாரிடமோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் வாங்கியவன்தான்.

நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஒரு மருந்துக்கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, முந்தைய இரவு ஆவணப்படம் பார்த்த தெம்பில், "ஹிப் ஹாப்பே ஜமைக்காக்காரர் கொண்டுவந்ததுதானே" என்றேன். என்னிடம் ஆதாரம் இருந்தது. ஹிப் ஹாப் பிறந்ததாகச் சொல்லப்படும் நாளும் இடமும்: 1973 ஆகஸ்ட் 11, பிராங்க்ஸின் செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் கட்டடம். பள்ளிக்குப் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க சிண்டி கேம்ப்பெல் ஒரு பார்ட்டி வைக்கிறார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. ரெக்கார்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். கிங்ஸ்டனில் பிறந்து, 12 வயதில் பிராங்க்ஸுக்கு வந்தவர். கிங்ஸ்டனிலோ தெருவில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி, ஓடுகிற பாட்டின் மேலேயே மைக்கில் பேசுவது வழக்கம். அப்புறம் என்ன சந்தேகம்?

எதிரே உட்கார்ந்திருந்த கறுப்பின அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "ஹெர்க் அங்கே யாருடைய ரெக்கார்டைப் போட்டார், சொல்லு." முழித்தேன். "எங்கள் கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுடையது. ஜமைக்காவின் ரெக்கே இசையைப் போட்டிருந்தால் எங்கள் ஆட்கள் ஆடியே இருக்க மாட்டார்கள்." வீட்டுக்குப் போய்த் தேடினால், ஹெர்க்கே ஒரு பேட்டியில் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருக்கிறார்!

அன்று மேசையில் இருந்த புவெர்ட்டோ ரிக்கோ பையன் ஒருவனும், "எங்களை மறந்துவிட்டீர்களே" என்று குறுக்கே வந்தான். கோல்டு கிரஷ் பிரதர்ஸ் ராப் குழுவின் டிஜே சார்லி சேஸ், ராக் ஸ்டெடி க்ரூ நடனக் குழுவின் கிரேஸி லெக்ஸ் என்று தன் ஊர் வம்சாவளிக்காரர்களை அடுக்கினான். அவன் சொன்னதும் சரிதான்.

என் கணக்கு இது: ஒரே ரெக்கார்டை இரண்டு வாங்கி, ஆட்டம் சூடுபிடிக்கும் அந்த டிரம்ஸ் துண்டை மட்டும் மாற்றி மாற்றி நீட்டியது ஹெர்க்கின் மூளை. நீட்டப்பட்ட பாட்டு பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பர்களுடையது. அடுப்பு அவருடையது, அரிசி இவர்களுடையது.

உடனே ஜமைக்காவை மட்டம் தட்டுகிறேன் என்று கமெண்டில் வராதீர்கள். ஹெர்க்கைப் போலவே ஆரம்பகால டிஜேயான கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பிறந்தது இன்னொரு கரீபியன் தீவான பார்படாஸ் என்பதும் எனக்குத் தெரியும். அருணகிரிநாதர்தான் முதல் ராப்பர் என்று வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் அனுப்பும் என் மச்சானும் வர வேண்டாம். திருப்புகழின் சந்தம் எனக்கும் பிடிக்கும், அது பிராங்க்ஸுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதில் உண்மையாகவே நஷ்டப்பட்டது நாங்கள்தான். அன்றைய சத்தத்தைச் சாக்காக வைத்து, கடை முதலாளி 45 நிமிடச் சாப்பாட்டு நேரத்தை 30 ஆக்கினார். கூடுதலாக உழைத்த அந்த 15 நிமிடத்துக்கு நான் வேலையை விடும்வரை ஒரு சென்ட்கூடத் தரவில்லை. கேட்டால், "பேசாமல் சாப்பிட்டால் 30 நிமிடம் போதும்" என்பார்.