முட்டை உரித்துக் கொடுத்தவள்

அன்புள்ள ஐயா,

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியிலேயே சின்னதாக ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறேன். 22 பிள்ளைகள். வீட்டில் தமிழ், சௌராஷ்டிரம், உருது, தெலுங்கு, இந்தி பேசுகிறவர்கள். தினம் ஒரு நீதிக்கதை சொல்கிறேன். புராணக் கதை சொல்லுங்கள் என்கிறார் ஒரு அப்பா. என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்கிறார் ஓர் அம்மா. மதமே வராமல் நல்லது கெட்டது சொல்லித்தர முடியுமா?

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 28ஆவது பிரிவுப்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் உட்கார வைக்கக் கூடாது. அந்த அம்மா கேட்பது நியாயம்தான்.

நீதிக்கதை விஷயத்துக்கு வருகிறேன். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒருமுறை 'புலி வருது' கதை சொன்னேன். பொய் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு பையன் திருப்பிக் கேட்டான், "புலி எத்தனை ஆட்டத் தின்னுச்சு?" சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் எழுதியதும் இதைத்தான். ஒருவன் தெரியாமல் 15 கோப்பையை உடைத்துவிட்டான். இன்னொருவன் திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்தான். யார் கெட்டவன்? சின்னப் பிள்ளைகள் பலரும் 15 உடைத்தவனைக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரிகிற சேதம்தான் அவர்கள் கணக்கு. கதை தாராளமாகச் சொல்லுங்கள், கடைசியில் நீதியை மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

ஏற்காட்டில் ஓர் அங்கன்வாடியில் பார்த்தது இன்னும் மனசில் இருக்கிறது. அன்று முட்டை போடும் நாள். காபி எஸ்டேட் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பையன், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழப்போகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த சிறுமி, அவளுக்கும் நாலு வயதுதான். முட்டையை வாங்கித் தரையில் தட்டி, நகத்தால் துளித்துளியாக ஓட்டை உரித்தாள். ஒட்டியிருந்த கடைசித் துணுக்கை ஊதிப் பார்த்தாள், போகவில்லை, பாவாடையில் துடைத்துக் கொடுத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அப்புறம்தான் கவனித்தேன். உரிக்கத் தெரியாத பிள்ளைகளிடம் ஆயா இப்படித்தான் குனிந்து, ஒன்றும் பேசாமல் உரித்துக் கொடுத்துக்கொண்டு போகிறார்.

அதனால் மதத்துக்குப் பயந்து எதையும் மறைக்க வேண்டாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போனவள் பார்த்ததைச் சொல்லட்டும், ரம்ஜானுக்குப் புதுச்சட்டை போட்டவன் காட்டட்டும், கிறிஸ்துமஸ் கேக் வரட்டும். சௌராஷ்டிரத்தில் தண்ணீருக்கு என்ன சொல்வார்கள் என்று அந்தப் பிள்ளையிடமே எல்லோரும் கேட்கட்டும். நீங்கள் கறாராக இருக்க வேண்டிய இடம் ஒன்றுதான். அடுத்தவர் டிபன் டப்பாவைப் பார்த்து யாரும் 'சீ' சொல்லக் கூடாது. பிள்ளை மட்டுமல்ல, டீச்சரும் மூக்கைச் சுளிக்கக் கூடாது. நூறு கதை சொன்னாலும் அந்த ஒரு சுளிப்பு அழித்துவிடும்.

அந்த அப்பாவை ஒரு நாள் டப்பா திறக்கிற நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அந்த அம்மாவையும் அதே நாளில் கூப்பிடுங்கள்.