கேளுங்க, சொல்றேன்: எரிந்த மனிதரும் பறந்துபோன பன்றியும்

கேள்வி: முக்கோணத்துக்குள் வெள்ளை வெளிச்சம் புகுந்து மறுபக்கம் வானவில்லாக வெளியே வருகிற டி-ஷர்ட்டை எங்கள் வகுப்பில் பாதிப் பேர் போட்டிருக்கிறார்கள். அது எந்த கம்பெனியின் முத்திரை? (கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

கம்பெனி இல்லைம்மா, ஓர் இசைத்தட்டின் அட்டை. பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்துக்காகச் செய்தது. செய்தவர்கள் லண்டனில் இருந்த ஹிப்னோசிஸ் ஸ்டுடியோ. ஸ்டார்ம் தார்கர்சன், ஆப்ரி பவல் என்ற இரண்டு நண்பர்கள் 1968-ல் தொடங்கியது. விசித்திரமான புகைப்படங்களுக்குப் பேர்போன ஸ்டுடியோதான், ஆனால் இந்த முறை குழுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் "போட்டோ வேண்டாம், எளிமையாக, பளிச்சென்று ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டுவிட்டார். அதனால் ஜார்ஜ் ஹார்டி என்ற ஓவியர் கோடு போட்டு வரைந்து கொடுத்தார். அடுத்த முறை அந்தச் சட்டையைப் பார்த்தால் நிறங்களை எண்ணுங்கள், ஆறுதான் இருக்கும். நாம் பள்ளியில் படித்த ஏழில் கருநீலத்தைக் காணோம்!

கேள்வி: ஹிப்னோசிஸ் என்றால் மனவசியம்தானே? (சேலம் வாசகர்)

உச்சரிப்பு அதேதான், எழுத்தில்தான் விளையாட்டு. 'ஹிப்' என்றால் அந்தக் காலத்து இளவட்டங்களின் புது மோஸ்தர், 'நோசிஸ்' கிரேக்கத்தில் ஞானம். நம்முடைய ஞானம் என்ற சொல்லும், வடமொழி வழியாக வந்ததல்லவா, இந்த நோசிஸுக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

கேள்வி: கல்யாண போட்டோ எடுக்கிறவன் நான். இரண்டு பேர் கைகுலுக்க, அதில் ஒருவர் தீப்பற்றி எரிகிற படத்தை ஒரு கடையில் மாட்டியிருந்தார்கள். 1975 என்று போட்டிருந்தது. அப்போது ஏது கிராபிக்ஸ்? (மதுரை வாசகர்)

கிராபிக்ஸே இல்லை சார், ஆளைத்தான் கொளுத்தினார்கள். அதுவும் ஹிப்னோசிஸ் செய்த பிங்க் ஃப்ளாய்ட் அட்டைதான், 'விஷ் யூ வேர் ஹியர்'. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ வளாகத்தில், சினிமாவில் சண்டைக் காட்சிக்கு டூப் போடும் இருவரைக் கூட்டிவந்து, ஒருவருக்குக் கோட்டுக்கு அடியில் தீ பிடிக்காத உடுப்பு மாட்டி, விக் வைத்துப் பற்றவைத்தார்கள். முதலில் காற்று எதிர்ப்பக்கம் அடித்து நெருப்பு முகத்திலேயே வந்து மீசை பொசுங்கிவிட்டது. அப்புறம் இரண்டு பேரையும் இடம் மாற்றி நிற்கவைத்து எடுத்து, பிரிண்ட் போடும்போது படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். ஆக, நீங்கள் பார்த்தது கண்ணாடியில் தெரிகிற மாதிரியான பிம்பம்.

ஏன் இந்த வேலை? வியாபாரத்தில் ஏமாந்தவனைக் 'கையைச் சுட்டுக்கிட்டான்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பேச்சு இங்கிலீஷிலும் உண்டு, இசைக் கம்பெனிகளிடம் மாட்டிய பாடகர்கள் அடிக்கடி சொல்வது. ஆல்பமே அருகில் இல்லாத ஒருவரைப் பற்றியது என்பதால், இவ்வளவு சிரமப்பட்டு எடுத்த படத்தைக் கருப்பு பிளாஸ்டிக் உறைக்குள் மறைத்துத்தான் கடைக்கு அனுப்பினார்கள். எனக்கு அந்தப் படத்தைவிட இந்தத் துணிச்சல்தான் பிடிக்கும். நம் ஆட்களாக இருந்தால் உறை மேலேயும் ஒரு முகத்தை அச்சடித்திருப்பார்கள்.

கேள்வி: அட்டையில் பாடகர் முகமே இல்லாமல் இசைத்தட்டு எப்படி விற்றது? (நாகர்கோவில் வாசகி)

முகம் மட்டுமா, 1970-ல் வந்த பிங்க் ஃப்ளாய்டின் 'ஆட்டம் ஹார்ட் மதர்' அட்டையில் குழுவின் பெயர்கூட இல்லை. புல்வெளியில் ஒரு பசு திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் பக்கம் எடுத்தது, மாட்டின் பெயர் மூன்றாம் லுலுபெல். பாட்டுக்கும் பசுவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரு சம்பந்தமும் இல்லை. கடையில் நூறு அட்டைகளில் கிதாரும் தாடியுமாக நிற்கும்போது ஒரே ஒரு பசு இருந்தால் கை எதை எடுக்கும், நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: மின்நிலையத்துக்கு மேலே பன்றி பறக்கிற படமும் நிஜமா? (திருச்சி வாசகர்)

பாதி நிஜம். இந்தக் கதையைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும். பிங்க் ஃப்ளாய்டின் 'அனிமல்ஸ்' ஆல்பத்துக்காக ஏறக்குறைய 40 அடி நீளத்தில் ஒரு பன்றி பலூனைச் செய்து, லண்டனின் பாட்டர்சீ மின்நிலையப் புகைபோக்கிகளுக்கு நடுவில் பறக்கவிட முடிவு செய்தார்கள். யோசனை குழுவின் ரோஜர் வாட்டர்ஸுடையது. 1976 டிசம்பர், படப்பிடிப்பின் முதல் நாள். ஒருவேளை அறுத்துக்கொண்டு போனால் சுட்டு இறக்க ஒரு துப்பாக்கிக்காரரையும் கூலிக்கு நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்குப் பன்றி மேலே போகவில்லை, ஆனால் வானம் மட்டும் அப்படி ஒரு மேகத்தோடு அற்புதமாக இருந்தது. மறுநாள் பன்றி கிளம்பியது, கயிறு அறுந்தது, துப்பாக்கிக்காரரைத் தேடினால் அவருக்கு அன்று சொல்லவே இல்லை! ஹீத்ரோ விமான நிலையமே பதறிப்போக, பன்றி கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் போய் இறங்கியது. மூன்றாம் நாள் ஒழுங்காகப் பறந்தது, வானம் சப்பென்று இருந்தது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் நாள் வானத்தில் மூன்றாம் நாள் பன்றியை வெட்டி ஒட்டினார்கள். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் நீங்களும் நானும் இன்றைக்கு இதைப் பேசிக்கொண்டிருப்போமா?

கேள்வி: ஃப்ரீலான்ஸ் டிசைனர் நான். இவ்வளவு ஆடம்பரத்துக்கு எவ்வளவு கட்டணம் வாங்கினார்கள்? (கோவை வாசகி)

வயிறு எரியாமல் படியுங்கள். ஹிப்னோசிஸுக்கு நிலையான கட்டணமே கிடையாது, "இதற்கு எவ்வளவு தகும் என்று நினைக்கிறீர்களோ கொடுங்கள்" என்பதுதான் அவர்கள் வழக்கம். எப்போதோ சில தடவைதான் கையைக் கடித்தது என்று தார்கர்சன் சொல்லியிருக்கிறார். பணம் கொட்டிய ராக் குழுக்களிடம் செல்லுபடியான வழக்கம் அது. நீங்கள் முதலிலேயே அட்வான்ஸ் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பாடகர்களை வைத்து இப்படிச் செய்ய ஆசை. பன்றி பலூனுக்கும் டூப் நடிகருக்கும் காசு இல்லை, ஏஐ-யில் செய்துவிடலாமா? (தேனி வாசகர்)

செய்யலாம், யார் தடுக்கப் போகிறார்கள். ஆனால் அதே ஹிப்னோசிஸ் கைச்செலவில் செய்த ஒன்றைச் சொல்கிறேன். 1980-ல் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பம், அட்டையில் அவர் முகத்தின் ஒரு பாதி மெழுகு மாதிரி உருகி வழியும். எடுத்தவுடனே படம் வெளியே வருகிற போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவில் எடுத்த படத்தில், மேல் தாளுக்கு அடியில் மருந்து இளக்கமாக இருக்கும்போதே அழுத்தித் தேய்த்தால் உருவம் கலங்கும், அதுதான் வித்தை. பாடகரே பக்கத்தில் உட்கார்ந்து தன் மூஞ்சியைத் தானே தேய்த்துக் கெடுத்திருக்கிறார். போலராய்டு ஃபிலிம் இன்று விலை அதிகம்தான், அதனால் சாதாரண பிரிண்ட் ஒன்றை எடுத்து, தண்ணீரிலோ மணலிலோ உங்கள் பாடகர் கையாலேயே முதலில் கெடுக்கச் சொல்லிப் பாருங்கள். நன்றாக வந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.