குமானோ கோடோ: முழங்கால் வலியோடு நடக்கலாமா, கூச்சத்தோடு குளிக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் நவம்பரில் ஜப்பான் செல்கிறோம். குமானோ கோடோ என்ற பழைய யாத்திரைப் பாதையில் நான்கைந்து நாட்கள் நடந்து, வெந்நீர் ஊற்று விடுதிகளில் தங்க ஆசை. எனக்கு வயது 57, அவருக்கு 62. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. எனக்கு முழங்கால் வலி. இருவரும் சைவம். அங்கே எல்லோர் முன்பும் ஆடையின்றிக் குளிக்க வேண்டுமாமே? எங்களுக்கு இது சரிப்படுமா?
– கோவை வாசகி

பதில்: தாராளமாகச் சரிப்படும். முழுப் பாதையையும் நடந்தே தீருவேன் என்ற பிடிவாதத்தை மட்டும் கோவையிலேயே விட்டுவிடுங்கள்.

குமானோ கோடோ என்பது ஒற்றைப் பாதை அல்ல. ஓசாகாவுக்குத் தெற்கே உள்ள கீ தீபகற்பத்தின் மலைக்காடுகளில் பல கிளைகளாகப் பிரிந்து, ஹோங்கு, ஹயதமா, நாச்சி என்ற மூன்று பெரிய ஆலயங்களுக்குச் செல்லும் வழிகள் அவை. 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. உங்களுக்கு ஏற்றது நகஹெச்சி என்ற கிளை. கியோட்டோவிலிருந்து வந்த பேரரசர்களும் பிரபுக்களும் நடந்த வழி இதுதான். தகிஜிரியிலிருந்து ஹோங்கு வரை ஏறத்தாழ 38 கிலோமீட்டர். அரைக் கிலோமீட்டருக்கு ஓர் எண் கம்பம் நட்டிருப்பதால் வழி தவறுவது கடினம். பல இடங்களில் சற்றுத் தள்ளிப் பஸ் ஓடும் சாலையும் உண்டு என்பதால், கால் மறுத்தால் பாதையை விட்டு இறங்கிவிடலாம்.

பலரும் ஷூவில் தொடங்குகிறார்கள். நீங்கள் அறையில் தொடங்குங்கள். இந்தப் பயணங்கள் தடைபடுவது பெரும்பாலும் நடுவழிக் கிராமமான சிகட்சுயுவில் இடம் கிடைக்காமல்தான். அங்கும் அதற்கு முன் வரும் தகஹாரா கிராமத்திலும் இருப்பவை குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள். ஒவ்வொன்றிலும் சில அறைகளே. நவம்பரோ இலையுதிர்காலக் கூட்டம் மொய்க்கும் மாதம். தனாபே நகரின் குமானோ சுற்றுலா அமைப்பு இந்த விடுதிகளுக்கு ஆங்கிலத்திலேயே முன்பதிவு செய்து தருகிறது. பெட்டியை அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பும் சேவையையும் அங்கேயே சொல்லி வைக்கலாம். சிகட்சுயு உறுதியான பிறகு மற்ற இரவுகளை அதைச் சுற்றி அமையுங்கள்.

நான் உங்களுக்குப் போட்டுத்தரும் திட்டம் இது. ஓசாகாவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் கீ-தனாபே. அங்கிருந்து பஸ்ஸில் தகிஜிரி. முதல் நாள் நான்கு கிலோமீட்டர் மட்டும் ஏறி, தகஹாராவில் தங்குங்கள். நான்குதானே என்று இளக்காரம் வேண்டாம்; தகிஜிரி ஆலயத்தின் பின்னாலேயே செங்குத்தான ஏற்றம் தொடங்கிவிடும். இரண்டாம் நாள் சிகட்சுயுவுக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர். மூன்றாம் நாள்தான் சிக்கல்: அங்கிருந்து ஹோங்கு 25 கிலோமீட்டர். நவம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். தேவதாரு மரங்களுக்கு அடியில் அதற்கும் முன்பே இருட்டும். எனவே பஸ்ஸில் ஹோங்கு சென்று, வேறு பஸ்ஸில் ஹொஷின்மோன் ஓஜி என்ற சிற்றாலயத்துக்கு ஏறி, கடைசி ஏழு கிலோமீட்டரை நடந்து ஹோங்கு ஆலயத்தை அடையுங்கள். ஊர்களும் தேயிலைத் தோட்டங்களும் கடந்து வரும் இந்தப் பகுதிதான் முழு வழியிலும் மிக இதமானது என்பேன். பாதி வழியைப் பஸ்ஸில் கடந்த குற்ற உணர்வு எதுவும் தேவையில்லை.

முழங்காலுக்கு எதிரி ஏற்றமல்ல, இறக்கம். பாசி படிந்த கற்படிகள் மழைக்குப் பின் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ரப்பர் முனை உள்ள இரண்டு ஊன்றுகோல்கள் கட்டாயம். கொகுச்சியிலிருந்து நாச்சிக்குச் செல்லும் ஓகுமோதோரி ஏற்றத்தை யார் புகழ்ந்தாலும் உங்கள் திட்டத்தில் சேர்க்காதீர்கள். 870 மீட்டர் உயரக் கணவாய், ஓயாத கற்படிகள். நாச்சிக்குப் பஸ்ஸில் போய், தைமோன்-சகா படிகளில் மட்டும் மெதுவாக ஏறினால் போதும். அங்குள்ள 133 மீட்டர் அருவி எப்படி வந்தவரையும் ஒரே மாதிரிதான் வரவேற்கும்.

இனிக் குளியல். ஹோங்குவுக்கு அருகே யுனோமினேயில் இரண்டு இரவுகள் தங்குங்கள். மூன்று தெருக்கூட இல்லாத சிற்றூர். ஓடையிலிருந்து ஆவி எழும், கந்தக வாடை வரும். பொதுக் குளியலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். ஆடை கூடாது என்பது உண்மை. நீச்சல் உடையும் கூடாது. முதலில் ஸ்டூலில் அமர்ந்து சோப்பு போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, அதன் பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். சிறு துண்டு தண்ணீரில் படக் கூடாது. யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை.

அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால், இங்கே த்சுபொயு இருக்கிறது. ஓடைக்குள் பலகைக் குடிசை, உள்ளே இரண்டு மூன்று பேர் கொள்ளும் பாறைத் தொட்டி. உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற குளியலிடம் இது. அரை மணி நேரம் உங்களுக்கு மட்டுமே. கணவனும் மனைவியும் சேர்ந்தே போகலாம். முன்பதிவு கிடையாது, வந்த வரிசைதான். பகல் நடுவில் காத்திருக்க நேரும், அதிகாலையே உத்தமம். பூட்டிக்கொண்டு தனியாகக் குளிக்கும் அறை உள்ள விடுதிகளும் உண்டு. பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

உங்கள் கணவர் புறப்படும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். மலையேறி வந்த களைப்போடோ, சாப்பிட்ட கையோடோ தொட்டியில் இறங்க வேண்டாம். சில நிமிடங்கள் போதும். எழும்போது தொட்டியின் விளிம்பைப் பிடித்து நிதானமாக எழுந்திருக்கட்டும். தலை சுற்றுவது பெரும்பாலும் அப்போதுதான்.

சாப்பாட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மாலை ஆறு மணிக்கு விடுதியார் பரிமாறும் பல தட்டு விருந்தில் மீன் இல்லாமலே இருக்கலாம். ஆனால் காய்கறி வெந்த சாறும் மிசோ சூப்பும் பெரும்பாலும் சூரை மீன் சீவலில் காய்ச்சியவை. 'சைவம்' என்று மட்டும் எழுதினால் அந்தச் சாறு வந்துவிடும். இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே தெளிவாக எழுதுங்கள். வந்து சேர்ந்த பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, சங்கடப்படுவார்கள். சோறு எப்போதும் உண்டு. பருப்புப் பொடி ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும். யுனோமினேயின் பொதுச் சமையல் ஊற்றில் தண்ணீர் 90 டிகிரி கொதிக்கிறது. ஊர்க்காரர்கள் முட்டையை வேகவைக்கும் அதே நீரில் வலைப்பையில் கட்டிச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தொங்கவிடுங்கள்.

மழைச் சட்டை நல்லதாக வாங்குங்கள். ஜப்பானிலேயே மழை அதிகம் பெய்யும் பகுதிகளில் இதுவும் ஒன்று. யென் நோட்டுகளைத் தனாபேயிலேயே எடுத்துவிடுங்கள், சிறு விடுதிகள் பல ரொக்கமே கேட்கும். மலைப் பஸ்கள் நாளுக்குச் சில நடைகளே என்பதால், கால அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அதற்கேற்ப நடையைத் தொடங்குங்கள்.