399 பிளானுக்கு 528.64 பில்: வரி மட்டும் இவ்வளவு வராது

399 ரூபாய் போஸ்ட்பெய்டு பிளானுக்கு 528.64 பில் வந்திருக்கிறது, கூடுதலாக வந்த 129 ரூபாய் 64 காசும் வரிதானா என்று கேட்கிறீர்கள். இல்லை, அது முழுவதும் வரி இல்லை. போஸ்ட்பெய்டு பில்லுக்கு ஜிஎஸ்டி 18% தான். மத்திய அரசுக்கு 9, மாநிலத்துக்கு 9 என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்கள். 399க்கு 71.82. ஆக 470.82 தான் வந்திருக்க வேண்டும்.

வரிக்கு முந்தைய தொகை தெரிய, மொத்தத்தை 1.18ஆல் வகுத்துப் பாருங்கள். 528.64 என்றால் சரியாக 448. அதாவது வரிக்கு முன்பே 49 ரூபாய் எங்கோ ஏறியிருக்கிறது, அதற்கும் சேர்த்து வரி போட்டிருக்கிறார்கள். காலர் டியூன், ஜோசியம், கிரிக்கெட் செய்தி மாதிரி ஏதாவது சந்தாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். திரையில் வரும் பாப்-அப்பில் தெரியாமல் விரல் பட்டால்கூடச் சில நேரம் ஒட்டிக்கொள்ளும்.

1. பில்லின் முதல் பக்கத்தை விடுங்கள். உள்ளே 'மதிப்புக் கூட்டுச் சேவை' (Value Added Services, அதாவது மேலே சொன்ன மாதிரி சந்தாக்கள்) என்ற தலைப்பில் தொகை இருக்கிறதா பாருங்கள்.
2. இருந்தால் 155223க்கு அழைத்து நிறுத்துங்கள். கட்டணமில்லா எண்.
3. கேட்காமல் போட்டது என்றால் வாடிக்கையாளர் சேவையில் புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்; அப்புறம் மேல்முறையீட்டுக்குப் போக அதுதான் வேண்டும்.

ஒன்று: இது முதல் பில் என்றாலோ, மாதத்தின் நடுவில் பிளான் மாற்றியிருந்தாலோ, அந்த 49 சில நாள் வாடகையாகவும் இருக்கலாம். போன மாதம் தாமதமாகக் கட்டினீர்களா? தாமதக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு.