நின்ற இடத்தில் ஆடும் யானை: பார்த்தவர் என்ன செய்யலாம்?

கேள்வி: கொழும்பில் ஒரு பாடசாலையில் தரம் 4 படிப்பிக்கிறேன். போன தவணை பிள்ளைகளை ஒரு விலங்குக் காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். யானை ஒன்று நின்ற இடத்திலேயே தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு நின்றது. டான்ஸ் ஆடுகிறது என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். கரடி ஒன்று கம்பியோரமாக ஒரே கோட்டில் போய்ப் போய் வந்தது. ஒரு கிளிக்கு நெஞ்சில் இறகே இல்லை. சிங்கம் எழும்பவே இல்லை. பெரியவர் ஒருவர் குரங்குக்கு பிஸ்கட்டைப் பையோடு எறிந்தார். “ரீச்சர், அந்த ஆனைக்கு என்ன வருத்தம்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இதெல்லாம் கொடுமைதானா? யாரிடம் முறையிடுவது? இனிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?
– ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்:

ரீச்சர், நீங்கள் போன இடத்தின் பெயரைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அது முறைப்பாட்டில் எழுத வேண்டியது. எப்படி எழுதுவது என்பதைக் கீழே சொல்கிறேன். முதலில் உங்கள் மாணவிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த யானை டான்ஸ் ஆடவில்லை. காட்டு யானை நாளின் பெரும்பகுதியை நடப்பதிலும் தின்பதிலும் கழிக்கிறது. கூடவே தாய், பெரியம்மா, குட்டிகள் என்று ஒரு குடும்பமே நடக்கும். அந்த நடையையும் அந்தக் கூட்டத்தையும் பிடுங்கிவிட்டு ஒரு காலில் சங்கிலியும் காலடியில் சீமெந்துத் தரையும் கொடுத்தால், உடம்பில் மிஞ்சும் அசைவு இப்படி ஓரிடத்தில் நின்று ஆடுவதாக மாறிவிடுகிறது. கரடி ஒரே கோட்டில் நடப்பதும் இதே வகைதான். பயனில்லாத ஓர் அசைவு, மாறாமல், திரும்பத் திரும்ப. விலங்கு நடத்தையை ஆராய்கிறவர்கள் இதை ஒரு நோய்க்குறியாகவே பார்க்கிறார்கள். காட்டில் எந்த இனம் மிக அகலமாக அலைந்து திரிகிறதோ அந்த இனத்துக்குத்தான் கூட்டில் இந்த நடைவியாதி கூடுதலாக வருகிறது என்று ரோஸ் க்ளப், ஜோர்ஜியா மேசன் இருவரும் ஊனுண்ணி விலங்குகளை ஒப்பிட்டு 2003இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். அவர்களும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட கணக்கு இன்னும் கொடியது. ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 வருடம். மியன்மாரில் மரம் இழுக்கும் யானைகளுக்கோ 41.7 வருடம். மரம் இழுப்பதும் சுகமான வாழ்க்கை இல்லை. இருந்தாலும் அந்த யானைகளுக்கு இரவில் காட்டுக்குள் மேய்ச்சலும், நடையும், கூட்டமும் கிடைக்கின்றன. மருந்தும் சாப்பாடும் நேரத்துக்குக் கிடைப்பது மட்டும் ஒரு யானைக்குப் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கரடியைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வன்னிப் பக்கத்துச் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்குப் பாலைப்பழம் தெரிந்திருக்கும். அந்தப் பழம் பழுக்கிற காலத்தில் நம் காட்டுக் கரடி மரத்தில் ஏறி மணிக்கணக்காக இருந்து தின்னும். மற்ற நாட்களில் புற்றைத் தோண்டி, மூக்கை உள்ளே வைத்து, ஊதி உறிஞ்சிக் கறையானைத் தின்னும். நாள் முழுக்கத் தேடித் தின்னப் பிறந்த பிராணி அது. அதற்குத் தினமும் ஒரே நேரத்தில் ஒரு தட்டில் சாப்பாட்டை வைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க அது செய்வதற்கு ஒன்றுமில்லை. நல்ல இடங்களில் உணவை மரக்கட்டைத் துளைகளுக்குள்ளும் மூங்கிலுக்குள்ளும் ஒளித்து வைப்பார்கள், உயரத்தில் தொங்கவிடுவார்கள், தினமும் இடத்தை மாற்றுவார்கள். இதற்குப் பெரிய காசு தேவையில்லை. நீங்கள் பார்த்த கூட்டில் கட்டையோ மண்ணோ ஏற இடமோ இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். கூட்டின் அளவைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி, எது கொடுமை, எது அப்படித் தோன்றுவது என்பதைப் பிரிக்க வேண்டும். இந்த இடத்தில் பிழைத்தால் முழு முறைப்பாடும் குப்பைக்கூடைக்குப் போகும். சிங்கம் எழும்பாததில் ஒன்றுமில்லை. காட்டிலும் அது ஒரு நாளில் 20 மணித்தியாலம் வரை படுத்துக் கிடக்கும். முதலை அசையாததும் அப்படித்தான். கிளியின் நெஞ்சு வேறு கதை. தலையில் இறகு நன்றாக இருந்து, நெஞ்சிலும் இறக்கைக்குக் கீழும் மட்டும் வெறுந்தோல் தெரிந்தால், அது தன் அலகு எட்டும் இடமெல்லாம் தானே பிடுங்கியிருக்கிறது என்று அர்த்தம். தன் தலையைத் தான் பிடுங்க எந்தக் கிளியாலும் முடியாது. தலையிலும் இறகு இல்லையென்றால் நோயோ, கூட இருக்கும் கிளியோ காரணமாக இருக்கலாம். யானையின் காலைப் பாருங்கள்: நகத்தில் வெடிப்பு, நகத்தைச் சுற்றிச் சீழ், கணுக்காலைச் சுற்றி முடியில்லாத வளையம். இடுப்பெலும்பின் மேல் ஆறாத புண் இருந்தால் அது கடினமான தரையில் கிடந்து வந்ததாக இருக்கலாம். கூட்டில் மூத்திரவாடை கண்ணை எரித்தால், அதைப் பகலும் இரவும் சுவாசிப்பது உள்ளே இருக்கும் பிராணிதான்.

ஆட்டத்தையும் நடையையும் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முன்பு வேறெங்கோ மோசமான கூட்டில் இருந்து வந்த விலங்கு, நல்ல இடத்துக்கு வந்தபின்னும் அதை வருடக்கணக்காகத் தொடரும். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது மட்டும் நடக்கிற விலங்கும் உண்டு. ஆகவே ஒரு கூட்டின் முன்னால் 20 நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளாலும் முடியும். ஒவ்வொரு நிமிடமும் அந்த விலங்கு என்ன செய்கிறது என்று ஒரு சொல்லில் எழுதச் சொல்லுங்கள்: நடை, நடை, தண்ணீர், நடை. ஒரு நாளில் நாற்பது கூடுகளைச் சுற்றிக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். கொப்பியில் அவர்களே எழுதிய 20 வரி பிறகு முறைப்பாட்டுக்கும் உதவும்.

கூட்டில் நடப்பதற்கெல்லாம் பராமரிப்பாளரைக் குற்றம் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் பிழை அவர் கையில் இல்லை. இடம் பிழை, கட்டடம் பிழை, தனியாக வைத்த முடிவு பிழை. தெஹிவளை மிருகக்காட்சிசாலையையே எடுங்கள். 1920களில் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மானியர் விலங்கு வணிகத்துக்காகத் தொடங்கிய இடம் அது. 1936இல் அரசு பொறுப்பேற்றது. விற்கவும் காட்டவும் சேர்த்து வைத்த இடத்தில் தலைமுறைக் கணக்காக விலங்குகளை வாழவைக்க முயல்கிறோம். சுற்றிவர வீடுகள் வந்துவிட்டன. பின்னவலையில் 2015இலும் ரிதியகமவில் 2016இலும் அகன்ற இடங்கள் திறக்கப்பட்டன. நெரிசலான கூட்டில் இருக்கும் விலங்குகளை அப்படிப்பட்ட இடங்களுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயமான, செய்யக்கூடிய கோரிக்கை. பராமரிப்பாளரோடு மரியாதையாகக் கதையுங்கள். “ஐயா, இதுக்கு எத்தனை வயசு? எங்கே இருந்து வந்தது? துணை இருக்கா?” என்று கேட்டாலே பாதி விஷயம் தெரியவரும். அவருடைய முகத்தைப் படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். அடுத்த நாள் தண்டனை அவருக்கு வரும், கூடு அப்படியே இருக்கும்.

அந்த பிஸ்கட் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம். கச்சான், மிக்ஸர், பாண் என்று எறிகிறவர்கள் அன்போடுதான் எறிகிறார்கள். குரங்குக்கு அது பற்சிதைவும் வயிற்றோட்டமும். பையோடு விழுங்கினால் பொலித்தீன் குடலை அடைக்கும். வெளியே எந்தக் காயமும் தெரியாமல் அது பட்டினியில் சாகும். அம்பாறைப் பள்ளக்காடு குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று இரண்டு யானைகள் இறந்த செய்தி 2022 ஜனவரியில் வந்தது நினைவிருக்கும். யானையின் குடலுக்கே அந்தக் கதி. அடுத்த முறை யாராவது எறிந்தால் சண்டை பிடிக்க வேண்டாம், உடனே காவலாளியைக் கூப்பிடுங்கள்.

சரி, முறைப்பாடு. “விலங்குகள் மிகவும் பரிதாபமாக இருந்தன, உடனடி நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதினால் எந்த உத்தியோகத்தராலும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: “திகதி இன்னது, மு.ப. 10.20 முதல் 10.40 வரை. கரடிக் கூடு, பெயர்ப்பலகையில் இன்ன விபரம். ஒரு கரடி மட்டும். 20 நிமிடத்தில் 17 நிமிடம் இடது கம்பியோரமாக ஒரே பாதையில் நடந்தது. அந்தப் பாதையில் சீமெந்து தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி காலி. நிழல் பின்மூலையில் மட்டும். மிருக வைத்தியரின் அறிக்கையையும், எடுக்கும் நடவடிக்கையையும் எழுத்தில் அறியத் தரவும்.” கூட்டின் பலகை தெரியும் ஒரு படமும், வெட்டாமல் தொடர்ந்து எடுத்த இரண்டு நிமிட வீடியோவும் போதும்.

அரச இடமென்றால் தேசிய விலங்கியல் பூங்காக்கள் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகத்துக்கு, பதிவுத் தபாலில். பிரதி ஒன்று அதற்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளருக்கு. பற்றுச்சீட்டை வைத்திருங்கள். தமிழில் எழுதலாம். தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் சிங்களம் தெரிந்த சக ஆசிரியரிடம் ஒரு பக்கச் சுருக்கம் எழுதுவித்து இணைத்துவிடுங்கள், கடிதம் மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்காது. தனியார் ஒருவரோ ஹோட்டலோ காட்டு விலங்கைக் கூட்டில் வைத்திருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். கண்முன்னே அடிக்கிறார்கள், அங்குசத்தால் குத்துகிறார்கள் என்றால் பொலிஸ்.

விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் 1907ஆம் ஆண்டினது. வீட்டு விலங்குக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிடித்து அடைத்து வைத்த விலங்கும், கூட்டில் இருக்கும் பறவை, மீன், ஊர்வன எல்லாமும் அதற்குள் வரும். அவமானம் தண்டனையில்தான் இருக்கிறது: 100 ரூபாய் வரை குற்றப்பணம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதை மாற்றச் சட்ட ஆணைக்குழு 2006இல் விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தது. அதை இழுத்தடித்த ஒவ்வொரு ஆண்டும் கூட்டிலிருந்த பிராணிகளின் ஆயுளில்தான் கழிந்தது. தண்டனை அற்பமென்று முறைப்பாட்டைக் கைவிடாதீர்கள். பொலிஸ் பதிவில் விழுந்த எழுத்துக்கு வேறு பயன்கள் உண்டு.

முறைப்பாட்டால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு முத்துராஜாவைச் சொல்வேன். தாய்லாந்து 2001இல் அன்பளிப்பாகத் தந்த ஆண் யானை அது. தென்பகுதி விகாரை ஒன்றில் வேலை வாங்கப்பட்டது. முன்னங்கால் மடங்கவில்லை, உடம்பில் சீழ்க்கட்டிகள். உள்ளூர் ஆர்வலர்கள் விடாமல் முறையிட்டு, தாய்லாந்துத் தரப்பிடமும் போனார்கள். 2022 நவம்பரில் அதைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தது தெஹிவளைக்குத்தான். 2023 ஜூலை 2ஆம் திகதி விமானத்தில் ஏற்றித் தாய்லாந்துக்கே அனுப்பினார்கள். ஒரே நிறுவனம் ஒரு விலங்குக்கு நெருக்கடியாகவும் இன்னொன்றுக்கு அடைக்கலமாகவும் இருக்க முடியும். மிருகக்காட்சிசாலை என்றாலே இழுத்து மூடு என்று சொல்ல என்னால் முடியாததற்கு இதுவே காரணம். மூடினால் உள்ளே இருக்கும் விலங்குகள் எங்கே போகும் என்பதற்கு யாராவது முதலில் பதில் சொல்ல வேண்டும்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். இலங்கைப் பிரஜை யாரும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள்: கடந்த வருடம் இறந்த விலங்குகள் எவை, பிரேத பரிசோதனையில் கண்ட காரணம் என்ன, முழுநேர மிருக வைத்தியர்கள் எத்தனை பேர், தனியாக அடைக்கப்பட்டிருக்கும் யானைகளும் குரங்குகளும் எத்தனை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்றால், போகலாம், ஆனால் விலங்குகளை வித்தை காட்டவைக்கும் எந்தக் காட்சிக்கும் வேண்டாம். தெஹிவளையில் பல தசாப்தங்களாக நடந்த மாலை நேர யானைக் காட்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த வித்தைகள் எப்படிப் பழக்கப்பட்டன என்று நம்மில் யாரும் கேட்கவில்லை. கரடியைப் பற்றிப் படிப்பிக்கிற பாடத்தில் அந்தக் கேள்விக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

தவணைக்கு ஒரு சுற்றுலாதான் என்றால், ஒரு வருடம் கூட்டை விட்டுவிட்டு ஈரநிலத்துக்குப் போங்கள். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018இல் ஈரநில நகரங்கள் என்று முதன்முதலில் ஏற்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெத்தகானவும் தலங்கமவும் வெள்ளவத்தையிலிருந்து காலையில் போய் மதியத்துக்குள் திரும்பக்கூடிய தூரம். வெயில் ஏறுமுன் போய்விட்டால் நீர்க்காகமும் மீன்கொத்தியும் நிச்சயம், கபரகொய்யாவும் பெரும்பாலும். மீன்பிடிப் பூனை இரவில் திரிவது, அதைக் காண்பது அரிது. சேற்றில் அதன் காலடியைத் தேடச் சொல்லுங்கள். சப்பாத்து நனையும் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு அனுப்பிவிடுங்கள்.