மேடைத் திரையில தூரத்தை எப்படிக் கொண்டு வர்றது?

ஒருத்தர் கேட்டிருக்காங்க: "நாடகத்துக்காக மலைக்காட்சி ஒண்ணு பின்திரையா வரைஞ்சேன், நல்ல போட்டோவைப் பார்த்து அப்படியேதான் வரைஞ்சேன், ஆனா மேடையில தொங்கவிட்டா காலண்டர் படம் மாதிரி தட்டையா நிக்குது, எங்க தப்பு?"

வரைஞ்ச கையில குறை இல்லைங்க. நிஜ மலை தூரமா தெரியறதுக்குக் காரணமே நடுவுல இருக்கற பல கிலோமீட்டர் காத்து, அது நீல வெளிச்சத்தை அதிகமா சிதறடிக்கறதால பச்சை மலை தூரம் போகப் போக நீலமாகி வெளிறி விளிம்பெல்லாம் மங்கிடும். மேடையில அவ்வளவு காத்து கிடையாது, அதனால பெயிண்ட்தான் அந்த வேலையைச் செய்யணும். கடைசி மலையை நீங்க நினைக்கறதை விட ரொம்ப வெளிறலா போடுங்க, அழுத்தமான கலரெல்லாம் முன்னாடி பாறைக்கும் புதருக்கும் மட்டும். முடிஞ்சா முன்னாடி மரங்களை பிளைவுட்ல வெட்டி தனியா நிறுத்தி, நடுவுல மெல்லிசா ஒரு வலைத்துணி விடுங்க, அதுவே பனிமூட்டம் ஆயிடும்.

அடிவானத்தை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. கடற்கரையில நின்னா அடிவானம் நம்ம கண் மட்டத்துலதான் தெரியும், அதை நடிகரோட முழங்கால் உயரத்துல வரைஞ்சா அவர் ராட்சசனா தெரிவார். சுமார் 1.5 மீட்டர் உயரத்துல வைங்க.

இத்தாலியில விசென்சாங்கற ஊர்ல டியாட்ரோ ஒலிம்பிகோன்னு ஒரு அரங்கம், அங்க 1585ல நாடகத்துக்குப் போட்ட தெரு செட் இன்னிக்கும் நிக்குது. தெரு உள்ள போகப் போக குறுகி, தரையும் மேல ஏறும், அதனால ரொம்ப நீளமா தெரியும், ஆனா நடிகர் உள்ள நடந்தா வீட்டை விட ஆள் பெரிசாயிடுவார். உங்க திரைக்கும் இதே கதைதான், நடிகர்களை ரெண்டு மீட்டராவது தள்ளி நிறுத்துங்க, திரைக்குத் தனி லைட் குடுங்க, ஆளோட நிழல் மலை மேல விழுந்தா எல்லாம் போச்சு.

போட்டோவுல இருக்கற எல்லாத்தையும் வரையவும் வேணாம். காட்டுல பட்டமரம் நின்னா அது பட்டமரம், அவ்வளவுதான். அதையே மேடையில நிறுத்தினா யாரோ சாகப்போறாங்கன்னு ஜனங்க காத்திருப்பாங்க, ஏன்னா அதை ஒருத்தர் யோசிச்சு அங்க வச்சிருக்காருன்னு அவங்களுக்குத் தெரியும். கதைக்குத் தேவையில்லாததைக் கூசாம எடுத்துடுங்க.

அப்புறம் ஒரு ஆளை மேடையில நிறுத்திட்டு கடைசி வரிசையில உக்காந்து கண்ணை இடுக்கிப் பாருங்க, அவர் முகத்தை விட மலை முதல்ல கண்ணுல பட்டா இன்னும் ஒரு கோட் வெளிற அடிங்க.